ஈடுபாடும் கூட்டு வேலையும்: சேலத்துப் பட்டறைகளிலும் ஏற்காட்டுத் தோட்டங்களிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்து பேரிலிருந்து இருபது பேர் வரை சேர்ந்து வேலை செய்யும் இடங்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை, அம்மாபேட்டை தறிக்கூடம், ஏற்காட்டுக் காப்பித் தோட்டம், ஐந்து ரோட்டுக் கடை எதுவானாலும் சரி. பெரிய கம்பெனியில் இதற்கென்று தனித் துறையே இருக்கும். உங்களிடம் இருப்பது ஒரு மேசை, ஒரு கணக்கு நோட்டு, காலையிலேயே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பையன். அதை வைத்தே பேசுவோம்.

ஆர்வமும் ஈடுபாடும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. ஆர்வம் பார்த்ததும் வருவது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எல்லாருக்கும் இருக்கும். ஈடுபாடு தெரிவது வேலையின் சலிப்பான பகுதியில், யாரும் பார்க்காதபோது கை என்ன செய்கிறது என்பதில்.

கொலுசில் பற்றவைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்க்க வேண்டிய இடத்தில் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைக்க வேண்டும். வெங்காரம் தடவ வேண்டும். உருகி இணைக்கும் பற்றாசுத் துணுக்கை வைத்துச் சுடர் காட்ட வேண்டும். துடைக்காத இடத்தில் பற்றாசு ஓடிப் பரவாது, முத்து மாதிரி உருண்டு நிற்கும். அவசரக்காரர் இன்னொரு துணுக்கு வைப்பார், சூட்டைக் கூட்டுவார். பற்றாசு கூடினால் வெள்ளியின் டச், அதாவது சுத்தம், இறங்கும்; சூடு கூடினால் பக்கத்து வளையம் உருகி ஒட்டிக்கொள்ளும். தவறு சூட்டில் இல்லை, துடைக்காததில் இருக்கிறது. புது டிசைன் வந்தால் ஓடி வந்து பார்ப்பது ஆர்வம். நாற்பதாவது வளையத்தையும் முதல் வளையத்தைப் போலவே துடைப்பது ஈடுபாடு. ஆள் எடுக்கும்போது பேச்சைக் கேட்காதீர்கள். ஒரு மணி நேரம் இந்த மாதிரி ஒரு வேலையைக் கொடுத்து, கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் கவனியுங்கள்.

எனக்கு எதில் ஈடுபாடு என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிப்பது என்ற சொல்தான் கோளாறு. அது எங்கோ புதைந்து கிடக்கும் புதையல் இல்லை. ஓக்கீஃப், டுவெக், வால்டன் என்ற மூன்று உளவியலாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. விருப்பம் பிறவியிலேயே முடிவானது என்று நம்புகிறவர்களுக்கு, புதிதாகப் பிடித்த விஷயம் கொஞ்சம் கடினமானதும் ஈர்ப்பு சட்டென்று வடிந்துவிடுகிறது. வளர்த்துக்கொள்ளக்கூடியது என்று நம்புகிறவர்களுக்கு அவ்வளவாக வடிவதில்லை.

செய்ய வேண்டியது இது. ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். 60 நாள், தினமும் 40 நிமிடம். ஒரு நோட்டில் நாளுக்கு மூன்று வரி: இன்று என்ன செய்தேன், எங்கே சிக்கியது, நாளை என்ன செய்து பார்க்கப் போகிறேன். அறுபதாம் நாள் மூன்றாவது வரிகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். முதல் வாரம் ‘கொலுசு செய்யக் கத்துக்கணும்’ என்று இருந்தது, கடைசி வாரம் ‘மூணாவது வளையத்துல சூடு ஏறுது, சுடரை அரை விரல் தள்ளிப் பிடிக்கணும்’ என்று ஆகியிருந்தால் ஈடுபாடு வளர்ந்திருக்கிறது. கடைசி வாரமும் முதல் வாரம் மாதிரியே பொத்தாம்பொதுவாக இருந்தால் வேறு வேலையைப் பாருங்கள். 60 நாள் வீண் என்று நினைக்க வேண்டாம்; பிடிக்காததில் ஆறு வருடம் போகாமல் தப்பித்தீர்கள்.

வெறியோடு உழைத்தால் ஜெயிக்கலாம் என்கிறார்களே, நடராஜனைப் போல?

கிரிக்கெட் பந்துவீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜன் கதையில் எல்லாரும் சொல்வது டென்னிஸ் பந்தில் ஆடிய பையன் இந்திய அணிக்குப் போனதை. 2020 டிசம்பரிலிருந்து 2021 ஜனவரிக்குள், ஒரே ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். வலைப்பயிற்சியில் பந்து வீசப் போனவர் அவர். ஆனால் கவனிக்க வேண்டிய இடம் அதற்குப் பல வருடம் முந்தியது. 2015-இல் ரஞ்சியில் அறிமுகமானதுமே அவர் பந்து வீசும் முறையில் பிழை இருப்பதாகப் புகார் வந்தது. அத்தனை வருடம் பழகிய கையைக் கலைத்து மறுபடி பழக்க வேண்டியிருந்தது. வெறி மட்டும் இருந்தால் ‘என் கை இப்படித்தான்’ என்று அங்கேயே முடிந்திருக்கும்.

இதே மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவின் கணக்கும் பார்க்கத் தக்கது. பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் 1.86, வெள்ளி, 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். உயரம் கொஞ்சம் இறங்கியது, ஆனால் மூன்று பாராலிம்பிக்கிலும் வெறுங்கையோடு திரும்பவில்லை. உங்கள் வேலையிலும் ஒரு நாள் உச்சத்தை விட எட்டு வருடத் தொடர்ச்சிதான் சோறு போடும்.

பட்டறைக்குப் பத்தரைக்கு வரும் பையன், வண்டி வேடிக்கைக்கு மூன்று ராத்திரி தூங்காமல் உழைக்கிறான். அது எப்படி?

எங்களுக்கு வருவதில் மிக நல்ல கேள்வி இது. ஆடியில் சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாமி வேடம் போட்டவர்களை ஏற்றி, புராணக் காட்சி ஒன்றை அப்படியே வண்டியில் நிறுத்திக் கொண்டுவருவார்கள். தச்சு வேலை, விளக்கு, சாயம், வேடம் என்று ஆளுக்கொன்று. கூலி கிடையாது. சோம்பேறி என்று நீங்கள் திட்டும் அதே பையன் அங்கே விடியற்காலை நாலு மணிக்கு ஆணி அடித்துக்கொண்டிருப்பான்.

பக்தி ஒரு காரணம், சரி. ஆனால் வேலை அமைந்திருக்கும் விதமும் ஒரு காரணம். ஹாக்மன், ஓல்ட்ஹாம் என்ற இரு ஆய்வாளர்கள் 1976-இல் ஐந்து அம்சங்களைச் சொன்னார்கள்: பல திறமைக்கு இடம், ஒரு பொருளை முழுசாக முடிப்பது, அது யாருக்கோ முக்கியமாக இருப்பது, சொந்தமாக முடிவெடுக்கும் இடம், செய்தது நன்றாக வந்ததா என்று உடனே தெரிவது. வண்டியில் ஐந்தும் இருக்கின்றன. பையன் வண்டியை முழுசாகப் பார்க்கிறான். விளக்கு வேலையைத் தானே கேட்டு வாங்கியிருக்கிறான். தெருவில் வண்டி திரும்பும்போது ஜனங்கள் வாய் பிளப்பதை நேரில் பார்க்கிறான். பட்டறையில் அவனுக்குக் கிடைப்பது வளையம், வளையம், இன்னொரு வளையம். அந்தக் கொலுசு யார் காலுக்குப் போனது என்று அவனுக்கு எந்தக் காலத்திலும் தெரியாது.

அப்படியானால் பட்டறையை எப்படி மாற்றுவது?

எல்லாவற்றையும் மாற்ற முடியாது. எல்லாரும் எல்லாம் செய்தால் உற்பத்தி படுத்துவிடும். மாதத்தில் ஒரு நாள், கம்பி இழுப்பதிலிருந்து திருகு பொருத்துவது வரை ஒரு ஜோடியை ஒருவரே முழுசாகச் செய்யட்டும். நேரம் இரண்டு மடங்கு ஆகும், ஆகட்டும். அந்த ஒரு நாளில்தான் தனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் படும் பாடும், தன் சோம்பலால் அடுத்தவர் படும் பாடும் அவருக்குத் தெரியும். கடைக்குப் போன சரக்கில் திரும்பி வந்ததை மட்டும் காட்டித் திட்டாதீர்கள். கடைக்காரர் மறுபடி கேட்ட டிசைன் எது என்பதையும் செய்தவர் பெயரோடு சொல்லுங்கள். ஒப்படைக்கும் தேதியைப் பலகையில் எழுதுங்கள், எழுதியதை மாற்றாதீர்கள். வண்டி வேடிக்கை நாள் யாருக்காகவும் தள்ளிப் போவதில்லை, அதனால்தான் அது முடிகிறது.

(ஆடியில் ஆள் வராது என்று தெரிந்தும் ஆடி 18-க்குச் சரக்கு தருவதாக வாக்குக் கொடுக்கும் முதலாளிகள் உண்டு. அதற்கு எங்களிடம் மருந்து இல்லை.)

கூடுதல் காசு கொடுத்தால் ஈடுபாடு வருமா, இருப்பதும் போகுமா?

இரண்டும் நடக்கும். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் படம் வரைவதில் பிரியமுள்ள சின்னப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த பிள்ளைகள், பிறகு சும்மா விட்டபோது மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். விளையாட்டு, வேலையாக மாறிவிட்டது. இதைச் சாக்காக வைத்து யாரும் கூலியைக் குறைக்கக் கூடாது. வயிறு நிறையாத இடத்தில் ஈடுபாட்டைப் பற்றிப் பேசுவது ஏமாற்று. கேள்வி, அடிப்படைக் கூலிக்கு மேலே கொடுப்பதை எதற்குக் கொடுக்கிறோம் என்பதுதான்.

ஏற்காட்டுக் காப்பி இதற்கு நல்ல உதாரணம். அங்கே விளைவது பெரும்பாலும் அராபிகா. ஒரே கொத்தில் சிவந்த பழமும் பச்சைக்காயும் சேர்ந்தே நிற்கும். பழுத்ததை மட்டும் எடுத்துவிட்டு அதே செடிக்குப் பல தடவை திரும்பி வர வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று மட்டும் கூலி வைத்தால் கை கொத்தோடு உருவிவிடும். கிலோ ஏறும், யாரையும் குறை சொல்ல முடியாது. பச்சைக்காய், பழத்தோலை உரிக்கும் பல்பர் எந்திரத்தில் தோல் உரியாமல் வெளியே வரும், இல்லையென்றால் கொட்டை வெட்டுப்படும். அதற்கப்புறம் தொட்டியில் நிற்பவர் பாடு. கொட்டைமேல் ஒட்டிய வழுவழுப்பு விட, அராபிகா 24 முதல் 36 மணி நேரம் ஊற வேண்டும், குளிர் அதிகமானால் இன்னும் இழுக்கும். ஊறியது போதுமா என்று பார்க்க ஒரு பிடி அள்ளிக் கழுவி உள்ளங்கையில் தேய்ப்பார்கள். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. கூழாங்கல்லைத் தேய்ப்பதுபோல் கரகரத்தால் கழுவலாம். தோலோடு காய் கலந்த தொட்டியில் கை என்ன சொல்கிறது என்றே புரியாது. ஒரு பிடி கரகரக்கும், அடுத்த பிடி வழுக்கும்.

நாங்கள் சொல்லும் முறை: நாள்கூலியை முழுசாகக் கொடுங்கள். ஐந்தாறு பேர் கொண்ட குழுவாகப் பிரியுங்கள். சாயங்காலம் ஒவ்வொரு குழுவின் சாக்கிலிருந்தும் 100 பழம் எண்ணுங்கள், மேலாக அள்ளாமல் நடுவில் கைவிட்டு. பச்சை 5-க்குள் இருந்தால் குழுவுக்கே சேர்த்து ஒரு தொகை. தனித்தனியாகக் கொடுத்தால் நல்ல வரிசைக்கு அடிதடி வரும். இருபது பேருக்கு மொத்தமாகக் கொடுத்தால் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள். எண்ணுவதை மேஸ்திரி செய்யக் கூடாது, குழுவில் ஒரு அக்கா எண்ண, இன்னொரு குழுக்காரர் பார்க்கட்டும். பறிப்பவர்களைச் சீசனில் ஒரு நாளாவது பல்பர் பக்கமும் தொட்டிப் பக்கமும் நிறுத்துங்கள். தேய்த்துப் பார்க்கும் அந்த ஒரு பிடியை அவர்கள் கையிலும் கொடுங்கள். காசு செய்யாததில் பாதியை அது செய்யும்.

ஒருவர் உயிரைக் கொடுத்து வேலை செய்கிறார். ஆனால் அவரோடு மற்றவர்களால் இருக்க முடியவில்லை.

கனடா உளவியலாளர் ராபர்ட் வாலரண்டும் அவருடன் இருந்தவர்களும் 2003-இல் ஈடுபாட்டை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்றில் வேலையை நாம் பிடித்திருக்கிறோம், மற்றதில் வேலை நம்மைப் பிடித்திருக்கிறது. அடையாளம் சுலபம். லீவு நாளில் எரிச்சல்படுகிறாரா? தன் வேலையை இன்னொருவர் தொட்டால் பிடுங்கிக்கொள்கிறாரா? சிறு திருத்தம் சொன்னால் தன்னையே சொன்னதாக எடுத்துக்கொள்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் இரண்டாம் வகை.

அவரைத் தட்டி உட்கார வைக்காதீர்கள். அவரைப் போன்ற ஆள் கிடைக்க மாட்டார். ஒரு சின்னப் பையனை அவரிடம் ஒப்படைத்து, மூன்று மாதத்தில் அவன் தனியாக ஒரு வேலையை முடிக்க வேண்டும் என்று பொறுப்புக் கொடுங்கள். பையன் செய்ததை அவர் திருத்தலாம், ஆனால் கையால் தொடக் கூடாது, வாயால் மட்டும். இது அவருக்குக் கொடுமையாக இருக்கும். முதல் பதினைந்து நாள் இருவரும் தனித்தனியாக உங்களிடம் வந்து புகார் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். பேச்சில் ‘நான் இல்லேன்னா இங்க ஒண்ணும் நடக்காது’ என்பது குறையத் தொடங்கினால் சரியாகப் போகிறது. ஒன்று மட்டும்: அவர் வீட்டில் அக்காவோ அண்ணியோ ‘அவர் வீட்டுக்கே வர்றதில்லைங்க’ என்று சொல்லி அனுப்பினால், அது பெருமைக்குரிய விஷயம் இல்லை. அன்றே ஆறு மணிக்கு அவரை அனுப்பிக் கதவைப் பூட்டுங்கள்.

ஆள் கூட்டினால் வேலை கூட வேண்டாமா? ஏன் குறைகிறது?

கயிறு இழுக்கும்போது ஆள் கூடக் கூட ஆளுக்கு இழுக்கும் பலம் குறைகிறது என்று பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மன் அளந்தே சொல்லிவிட்டார். 1913-இல் வெளியான முடிவு. எட்டு பேருக்கு மேல் ஒரே வேலையில் நிறுத்தாதீர்கள், இரண்டாக உடையுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் எழுதுங்கள், இரண்டு பெயர் எழுதினால் யாருமில்லை என்று அர்த்தம்.

தவறு நடந்தால் மறைக்கிறார்கள். கடைசியில் எடை குறையும்போதுதான் தெரிகிறது.

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது விநோதமான ஒன்றைக் கண்டார். நன்றாக நடக்கும் குழுக்களில் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகமாக நடந்ததற்கு அது அடையாளம் இல்லை என்பது பிறகு தெரிந்தது. அங்கே வாய்விட்டுச் சொன்னார்கள், மற்ற இடத்தில் விழுங்கினார்கள்.

பட்டறையில் இதைச் சீட்டில் கொண்டுவரலாம். சரக்கு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டுச் சீட்டு: வந்த எடை, போகும் எடை, துண்டும் தூளும் எவ்வளவு. 200 கிராம் வந்து, 196.40 போகிறது, துண்டு 2.90 என்றால் 0.70 எங்கே என்று அன்றைக்கே, அந்த மேசையிலேயே தேடலாம். விரிப்பில் இருக்கும், ராவுத்தூளில் இருக்கும், பெரும்பாலும் கிடைத்துவிடும். மாதக் கடைசியில் 40 கிராம் எங்கே என்று தேடினால் பழிதான் கிடைக்கும். எடை போடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். காற்றில் தராசின் கடைசி இலக்கம் ஆடும், அதற்கே வீண் சண்டை வரும். வாரம் ஒரு முறை படிக்கல் வைத்துத் தராசையும் சோதியுங்கள்.

சீட்டின் கடைசி வரிதான் முக்கியம்: ‘இதில் எனக்குச் சந்தேகமான இடம்’. ‘நாலாவது கண்ணியில பற்று சரியா ஓடல’ என்று ஒருவர் எழுதினால், அடுத்தவர் மெருகுக்குப் போடும் முன் அதைப் பார்ப்பார். மெருகு போட்ட பிறகு தெரிந்தால் மறுபடி சுட வேண்டும், மெருகு போச்சு. முதல் மாதம் அந்த வரியில் எழுதியதற்காக யார் சம்பளத்திலும் கை வைக்காதீர்கள், எதிரில் வைத்துச் சிரிக்கவும் சிரிக்காதீர்கள். முதல் சீட்டில் முதலாளியே எழுதட்டும்: ‘ஆர்டர் அளவை நான் தப்பாக எழுதிவிட்டேன்.’ அதற்கு மனம் வராதவர்கள் இந்த முறையைத் தொடங்க வேண்டாம். பாதியில் விட்டால் பழைய நிலையை விட மோசமாகும்.

காலையில் கூட்டம் போடலாமா?

பத்து நிமிடம், நின்றுகொண்டே. நேற்று எங்கே சிக்கியது, இன்று யாருக்கு யார் கை வேண்டும். அவ்வளவுதான். உட்கார்ந்தால் டீ வரும், டீ வந்தால் அரை மணி போகும்.

அப்பா தறி போடுகிறார், மகனுக்கு விருப்பமில்லை. கட்டாயப்படுத்தலாமா?

கூடாது. ஆனால் ‘எனக்கு வேண்டாம்ப்பா’ என்று அவன் சொல்வது எதை என்று கேளுங்கள். தறிக்குழியில் நாள் முழுக்க உட்காருவதையா? வருமானத்தையா? தறிக்காரனுக்குப் பொண்ணு தர யோசிக்கிறார்கள் என்பதையா? மூன்றுக்கும் பதில் வேறு வேறு.

நெசவு ஒரே வேலை இல்லை. சாயம், பாவு (நீளவாட்டு இழை) ஓடுவது, அச்சு பிணைப்பது, தார் (ஊடை நூல் கண்டு) சுற்றுவது, நெய்வது, விற்பது என்று பல கை. பிணைப்பதை மட்டும் பாருங்கள். முடிந்த பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. ஒன்று இடம் மாறினாலும் வேட்டி நெடுகக் கோடு விழும், வெண்பட்டு என்றால் அந்தக் கோடு தெருவுக்கே தெரியும். அந்தப் பொறுமை மகனுக்கு இல்லாமல் இருக்கலாம், நிறம் பார்க்கும் கண் இருக்கலாம். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்பதை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்லும் வாய் இருக்கலாம். மாதம் நெய்வதில் ஐந்தில் ஒரு பங்கை அவனிடம் கொடுத்து, விலையும் விற்பனையும் அவன் பொறுப்பு, கணக்கு நோட்டும் அவனுடையது என்று ஆறு மாதம் விடுங்கள். நஷ்டம் வந்தால் வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் அப்பாவுக்குக் கஷ்டமான நிபந்தனை. ஆறு மாதம் கழித்தும் வேண்டாம் என்றால், வேண்டாம்.

முன்பு நன்றாகச் செய்தவருக்கு இப்போது மனம் ஒட்டவில்லை. என்ன செய்வது?

களைப்பா, சலிப்பா, மனக்குறையா என்று பிரித்துப் பாருங்கள். நாலு நாள் லீவில் சரியானால் களைப்பு. புது வேலை கொடுத்ததும் முகம் மாறினால் சலிப்பு. இரண்டிலும் மாறவில்லை என்றால் அநேகமாக நீங்கள் ஏதோ சொல்லியிருக்கிறீர்கள், அல்லது அவருக்குப் பின்னால் வந்தவருக்கு அதிகம் கொடுத்திருக்கிறீர்கள். அதை எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாக, பட்டறைக்கு வெளியே.

மூன்று மாதம் பார்த்தாயிற்று, ஒரு பையனுக்கு வேலை பிடிபடவே இல்லை. அனுப்பிவிடலாமா?

அனுப்பும் முன் ஒரு தடவை இடம் மாற்றுங்கள். மேசையில் இருந்தவனை மூன்று வாரம் சரக்கு எடுத்துப் போக, கடைக்காரர்களிடம் பேச விடுங்கள். கை வராதவர்களுக்குக் கால் வரும். அதிலும் ஒட்டவில்லை என்றால் நேரடியாகச் சொல்லுங்கள். அவனாகப் போகட்டும் என்று வேலை கொடுக்காமல் உட்கார வைக்காதீர்கள். கணக்கை அன்றே தீருங்கள், அவனுக்குப் பொருந்தும் வேறு இரண்டு இடம் தெரிந்தால் போன் செய்து சொல்லிவிடுங்கள். தீபாவளி போனஸுக்கு முந்தின வாரம் மட்டும் அனுப்ப வேண்டாம். மிச்சம் இருக்கும் பத்துப் பேரும் உங்களைப் பற்றி அந்த ஒன்றைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்.